நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ்

ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். அந்த நேரத்தில் போன் அடித்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிமிஷம் அடிவயிறு கலங்கும். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி எடுத்தால், "மாமா, நீங்க ஆடிட் ஆபீஸ்ல வேலை பாத்தவர்தானே? ஒரு சந்தேகம்" என்கிறான்.

இது 2023 டிசம்பர். பையன் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பேரெல்லாம் வேண்டாம். அடுத்த வாரம் அங்கே அசெஸ்மெண்ட். வெளியிலிருந்து ஆள் வந்து, நீங்கள் வேலை செய்யும் முறை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள். கம்பெனியே கல்யாண வீடு மாதிரி அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருக்கிறது.

"ஆகஸ்ட்ல நாலு கோட் ரிவ்யூ நடந்திருக்கணும் மாமா. நடக்கலை. டெலிவரி தலைக்கு மேல இருந்தது, நேரமில்லை. இப்ப நடந்த மாதிரி மினிட்ஸ் எழுதி, பழைய தேதி போட்டு ஃபைல்ல வைக்கச் சொல்றாங்க. எல்லாரும் எழுதிட்டு இருக்காங்க. இது தப்பா, இல்லை எல்லா இடத்துலயும் இப்படித்தானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் பி.காம். முடித்ததும் இரண்டு வருஷம் ஓர் ஆடிட்டரிடம் குப்பை கொட்டியவன் நான். வருஷக் கடைசியில் சில கடைக்காரர்கள் வவுச்சர் கட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். பன்னிரண்டு மாதத்து வவுச்சர். எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, ஒரே கையெழுத்து. போன ஏப்ரல் மாத வவுச்சரில் குத்திய குண்டூசிகூடத் துரு பிடிக்காமல் பளபளவென்றிருக்கும். எங்கள் சீனியர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கட்டைக் கையில் வாங்கியதுமே, "நிஜ வவுச்சர் இவ்வளவு அழகா இருக்காதுப்பா" என்பார்.

பையனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அவனை இந்தக் கதிக்கு ஆளாக்கிய சமாசாரம் எது என்று பார்த்துவிடலாம். அவன் புண்ணியத்தில் நான் ஒரு பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். வாட்ஸ் ஹம்ஃப்ரி எழுதிய 'மேனேஜிங் தி சாஃப்ட்வேர் ப்ராசஸ்'. 1989-ல் வெளிவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க சாஃப்ட்வேர் கம்பெனிகளின் சுவரில் தொங்கும் பாதிக்குப் பாதி சான்றிதழ்களுக்கு அதுதான் பாட்டி.

கதை அமெரிக்க ராணுவத்தில் ஆரம்பிக்கிறது. 1980-களில் அவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி. விமானம் சொன்ன தேதிக்கு வருகிறது, அதற்குள் ஓடவேண்டிய சாஃப்ட்வேர் வருவதில்லை. வந்தாலும் ஓடுவதில்லை. காண்ட்ராக்ட் எடுக்க வருகிற எல்லோரும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, "பிரமாதமா செஞ்சு தரோம் சார்" என்கிறார்கள். யாரை நம்புவது? 1984-ல் பிட்ஸ்பர்க்கில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராணுவத் துறை காசில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக எஸ்.இ.ஐ. ஐ.பி.எம்.மில் இருபத்தேழு வருஷம் கொட்டை போட்டுவிட்டு 1986-ல் அங்கே வந்து சேர்ந்தார் ஹம்ஃப்ரி. வேலை பார்க்கும் முறையை வைத்தே ஒரு கம்பெனியை எடை போட வழி உண்டா என்று விமானப்படை கேட்டது. 1987-ல் நூற்றுச்சொச்சம் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டும். 1991-ல் அதை முழுசாக வளர்த்து ஒரு மாடலாக வெளியிட்டார்கள். அதுதான் சி.எம்.எம். ஐந்து படிகள் கொண்ட ஏணி.

அந்த ஐந்து படி என்ன? சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் கொட்டாவி வரும். கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எல்லாம் தலைமைச் சமையல்காரர் கைராசி. அவர் வந்தால் சாம்பார் தேவாமிர்தம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பந்தி வீட்டாரிடம் மானம் போகும். இரண்டாம் படி: எத்தனை இலை, எத்தனை படி அரிசி, யார் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது என்று கணக்கு இருக்கிறது. போன கல்யாணத்து நோட்டு கையில் இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு கல்யாணத்தை ஒப்பேற்றிவிடலாம். மூன்றாம் படி: காண்ட்ராக்டரிடம் நாலு கோஷ்டி இருக்கிறது, நாலும் ஒரே முறையில் சமைக்கின்றன. முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. புதுப் பையனுக்குச் சொல்லித்தருகிறார்கள். ஒருத்தர் வைத்த ரசத்தை இன்னொருத்தர் ருசி பார்க்கிறார். நான்காம் படி: எல்லாவற்றுக்கும் அளவு. எத்தனை இலைக்கு எவ்வளவு மிச்சமாகிறது, உப்பு எத்தனை தடவை தப்புகிறது என்று எண் இருக்கிறது. அதை வைத்து அடுத்த கல்யாணம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஐந்தாம் படி: அந்த எண்ணை வைத்து உப்பு ஏன் தப்புகிறது என்று மூலகாரணத்தைப் பிடித்து, இனித் தப்பாதபடி முறையையே மாற்றுகிறார்கள்.

அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஹம்ஃப்ரியே இது முழுக்கத் தன் சொந்தச் சரக்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை. டெமிங், ஜூரன் போன்ற தர நிர்வாகப் பெரியவர்கள் தொழிற்சாலைகளுக்குச் சொன்னதை சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்தார். ஐந்து படி என்கிற யோசனைக்கும் ஃபிலிப் கிராஸ்பி 1979-ல் எழுதிய தரம் பற்றிய புத்தகம்தான் முன்னோடி.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று. தப்பு நடந்தால் ஆளைப் பிடித்து உதைக்காதே, அந்தத் தப்பை உள்ளே விட்ட ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடு என்பதுதான் அதன் அடிநாதம். நம் ஊர் ஆபீஸ்களில் இதற்கு நேரெதிராகத்தான் நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் பலியாடு யார் என்று முடிவு செய்வோம். காரணத்தை அப்புறம் பார்க்கலாம்.

இந்த முறை நிஜமாகவே வேலை செய்யுமா? செய்யும். ஹூஸ்டனில், அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிய ஐ.பி.எம். கோஷ்டிதான் 1989-லேயே ஐந்தாம் படி தொட்டது. அவர்களைப் பற்றி ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகையில் சார்லஸ் ஃபிஷ்மன் என்பவர் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். 4,20,000 வரி புரோகிராம். அப்போதைய கடைசி மூன்று பதிப்புகளிலும் தலைக்கு ஒரே ஒரு தப்பு. கடைசிப் பதினொரு பதிப்புகளையும் சேர்த்தால் மொத்தம் பதினேழு. ஒவ்வொரு தப்பையும் யார் கண்டுபிடித்தார்கள், எப்படி உள்ளே வந்தது, ஏன் முன்னாடியே சிக்கவில்லை என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்தக் கோஷ்டியில் 260 பேர். வருஷத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் செலவு. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு" என்று யாரும் அவர்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

சரி, இந்த முறை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? 2012 ஆகஸ்ட் 1-ந் தேதி நியூயார்க் பங்குச்சந்தையில் முழுகியது. நைட் கேபிடல் என்று ஒரு பெரிய தரகுக் கம்பெனி. எட்டு கம்ப்யூட்டர்களில் புது புரோகிராமை ஏற்றவேண்டும். ஏற்றிய ஆள் ஏழில் ஏற்றினார், ஒன்றை விட்டுவிட்டார். அந்த எட்டாவதில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் துண்டு ஒன்று விழித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம். 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலர். பிறகு விசாரித்த அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் சொன்னது என்ன தெரியுமா? ஒருத்தர் ஏற்றியதை இன்னொருத்தர் சரிபார்க்கவேண்டும் என்று அந்தக் கம்பெனியில் எழுதப்பட்ட விதியே இல்லை. இது இரண்டாம் படி சமாசாரம். ஐந்தாவது வரைக்கும்கூடப் போகவேண்டாம்.

ஆக, சங்கதி நல்ல சங்கதி. பின்னே ஏன் என் அக்கா பையன் ராத்திரி பதினோரு மணிக்கு நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறான்?

இங்கேதான் இந்தியா வருகிறது.

1990-களில் நம் ஆட்கள் அமெரிக்காவுக்கு சாஃப்ட்வேர் எழுதித்தர ஆரம்பித்தபோது ஒரு சங்கடம் இருந்தது. டெக்ஸாசில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரருக்கு பெங்களூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எதை நம்பி வேலையைக் கொடுப்பார்? அவர்கள் ஊரிலேயே அடித்த முத்திரை ஒன்று கையில் இருந்தால் தேவலை. பெங்களூரில் இருந்த மோட்டோரோலா பிரிவு 1993-லேயே ஐந்தாம் படி ஏறியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் விப்ரோ, இன்ஃபோசிஸ் என்று வரிசையாக ஏறினார்கள். 2000-களின் தொடக்கத்தில் உலகத்தில் ஐந்தாம் படியில் நின்ற கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'லெவல் 5' என்பது பட்டம் மாதிரி வர ஆரம்பித்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் பெரியவர் ஒருத்தர் என்னிடம், "மாப்பிள்ளை லெவல் ஃபைவ்" என்றார். கம்பெனியைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்த முத்திரை நமக்கு வேலை வாங்கித் தந்தது. எதையும் எழுதி வைக்காத ஒரு தேசத்துக்கு எழுதி வைக்கச் சொல்லிக்கொடுத்தது. என் குறை வேறு.

ஹம்ஃப்ரியின் ஏணியைப் பிறந்த நாளிலிருந்தே இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ஒன்று, ஒரு கம்பெனி தன்னைத்தானே பார்த்துத் திருத்திக்கொள்வது. இன்னொன்று, காண்ட்ராக்ட் கொடுக்கிறவர் வந்து பார்த்து, இவருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது. எஸ்.இ.ஐ.யே இரண்டுக்கும் தனித்தனி முறை வைத்திருந்தது. ஆனால் அளவுகோல் ஒன்றுதான்.

யோசித்துப் பாருங்கள். முட்டி வலிக்கிறது. டாக்டரிடம் போனால் என்ன சொல்வோம்? "மாடிப்படி ஏற முடியலை டாக்டர், ராத்திரியெல்லாம் குத்துது" என்று இருக்கிற வலியோடு இல்லாத வலியையும் சேர்த்துச் சொல்வோம். அதே முட்டியோடு இன்ஷூரன்ஸ் கம்பெனி மெடிக்கல் செக்கப்புக்குப் போனால்? "ஒண்ணுமில்லை சார், தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கறேன்." அதே முட்டிதான். பார்க்கிறவரும் டாக்டர்தான். கேட்பதும் அதே கேள்விதான். பதில் மட்டும் மாறிவிடுகிறது.

ஹம்ஃப்ரிக்கு இது தெரியாமல் இல்லை. மதிப்பீட்டில் சொல்லப்படுவது ரகசியமாக இருக்கவேண்டும், இன்னார் இப்படிச் சொன்னார் என்று வெளியே போகக்கூடாது என்று அவர் புத்தகத்திலேயே வலியுறுத்துகிறார். அது டாக்டர் தர்மம். ஆனால் வாங்குகிறவர்கள் "லெவல் இருந்தால்தான் டெண்டரில் கலந்துகொள்ளலாம்" என்று ஆரம்பித்த அன்றைக்கே அந்த தர்மம் காற்றில் போய்விட்டது. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக்கொள்கை பற்றிப் பேசும்போது ஒன்றைக் கண்டுகொண்டார். ஓர் அளவையை வைத்து ஆளைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்த அளவை கெட்டுப்போய்விடும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்க வைக்கும் டியூஷன் சென்டர்களைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர லண்டனிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

இந்த ஏணியை எதிர்த்து அந்தக் காலத்திலேயே குரல் கொடுத்தவர்கள் உண்டு. ஜேம்ஸ் பாக் என்ற டெஸ்டிங் நிபுணர் 1994-ல் ஒரு சூடான கட்டுரை எழுதினார். நல்ல சாஃப்ட்வேரை எழுதுவது மனிதர்கள், ப்ராசஸ் அல்ல. இந்த அளவுகோலின்படி மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மாதிரி கம்பெனிகள் முதல் படியில்தான் நிற்கும், அவர்கள்தானே உலகத்தை ஆளுகிறார்கள் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஜெயித்த ஹீரோக்களைப் பற்றித்தான் நமக்குத் தெரியும். அதே மாதிரி ராக்கண் விழித்து எழுதி, மூழ்கிப்போன கம்பெனிகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. தவிர, கேம்ஸ் எழுதுகிறவருக்கு ஹீரோ போதும். பேங்குக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் எழுதுகிறவருக்கு ஹீரோ போதாது.

சர்வதேசத் தரக் கழகமான ஐ.எஸ்.ஓ. பக்கம் என்ன செய்தார்கள்? அவர்களுடைய 9001 எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. பிஸ்கட் கம்பெனிக்கும் உண்டு, பள்ளிக்கூடத்துக்கும் உண்டு. உண்டா, இல்லையா என்பதுதான் அதன் தீர்ப்பு. சாஃப்ட்வேருக்கென்று 1993-ல் ஸ்பைஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மசாலா இல்லை. சாஃப்ட்வேர் ப்ராசஸ் இம்ப்ரூவ்மெண்ட் அண்ட் கேப்பபிலிடி டிடர்மினேஷன். திருத்திக்கொள்வதும் எடைபோடுவதும், அந்த இரண்டு வேலையும் பேரிலேயே ஜோடியாக உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அது 15504 என்ற எண்ணில் தரமாக வந்தது. 2015-லிருந்து 33000 வரிசைக்கு மாறியது. ஜெர்மன் கார் கம்பெனிகள் தங்களுக்கு சாஃப்ட்வேர் தருகிறவர்களிடம் இன்றைக்கும் கேட்பது இதன் வாரிசான ஆட்டோமோடிவ் ஸ்பைஸைத்தான்.

என்னைக் கேட்டால் இந்த ஐ.எஸ்.ஓ. தரம் ஒரு விஷயத்தில் சி.எம்.எம்.மைவிட நேர்மையானது. கம்பெனி முழுவதற்கும் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து மாலை போடுவதில்லை. ஒவ்வொரு வேலைமுறைக்கும் தனித்தனி நிலை. டெஸ்டிங்கில் மூன்று வாங்கியவர் தேவைகளைக் கேட்டு எழுதிக்கொள்வதில் ஒன்று வாங்கலாம். முதல் ரேங்க் என்று சொல்வதற்கும், கணக்கில் 90, தமிழில் 35 என்று மார்க் ஷீட்டைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். சைபர் என்றும் ஒரு நிலை உண்டு. செய்யவேண்டியதை இன்னும் செய்யவே ஆரம்பிக்கவில்லை என்று கூச்சப்படாமல் சொல்ல அதில் இடம் இருக்கிறது. அளப்பதும் ஆம், இல்லை அல்ல. 15 சதவீதம் வரை இருந்தால் இல்லை. 50 வரை ஓரளவு. 85 வரை பெருமளவு. அதற்கு மேல் முழுசு. சி.எம்.எம்.மும் பிற்பாடு சி.எம்.எம்.ஐ. என்று மாறியபோது, தனித்தனியாக மார்க் போடும் வழியையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் விளம்பரத்தில் யாராவது தனி மார்க் போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றுக்கும் ஐ.எஸ்.ஓ.வுக்குக் கும்பிடு போடவேண்டும். ஐந்து பேர், பத்து பேர் வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர்களால் இந்தப் பெரிய ஏணியில் ஏற முடியாது. ஏறினால் கோட் எழுத ஆள் மிச்சமிருக்க மாட்டார்கள். 25 பேர் வரை உள்ள சின்ன அமைப்புகளுக்கென்றே 2011-ல் 29110 என்ற தரம் வந்தது. கச்சிதமானது. நம் ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சுவரில் மாட்டினால் யாரும் வியக்க மாட்டார்கள் என்பதாலோ என்னவோ.

சான்றிதழ்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய சில சின்ன எழுத்து விவகாரங்கள் உண்டு. ஐ.எஸ்.ஓ. தரத்தை எழுதுவது மட்டும்தான் ஐ.எஸ்.ஓ.வின் வேலை. அது யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது வெளியிலிருக்கும் சான்றிதழ் அமைப்புகள், அதுவும் கட்டணத்துக்கு. சி.எம்.எம்.ஐ. மதிப்பீடு கம்பெனி முழுவதற்கும் ஆனதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரு பிரிவுக்கு, அதிலும் மாதிரிக்கு எடுத்த சில புராஜெக்டுகளை வைத்துத்தான். மூன்று வருஷத்தில் அது காலாவதியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை அளப்பது வேலை செய்யும் முறையை. வந்து சேர்ந்த சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறதா என்பதை அல்ல.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஓர் உதாரணம். 1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. ஒரு பெரிய எண்ணைச் சின்னப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்த புரோகிராம்தான் காரணம். அந்தத் துண்டு ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்தது. அங்கே வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடியது. புது ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பாயும் என்பதால் எண் பெரிதாகிவிட்டது. புது ராக்கெட்டின் பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்கவில்லை. கட்டுப்பாடில்லாத கூட்டம் எழுதியதில்லை அது. பத்திரங்களும் பரிசீலனைகளும் நிறைந்த இடத்தில்தான் நடந்தது. கேட்கவேண்டிய ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரி, இப்போதுதான் அஜைல் வந்துவிட்டதே, பத்திரம் எல்லாம் பழங்கதைதானே என்று சிலர் கேட்பார்கள். 2001-ல் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அறிக்கைதான் அதற்கு வேதம். பத்திரமே வேண்டாம் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. ஓடுகிற சாஃப்ட்வேருக்கு முதலிடம் என்றுதான் சொன்னார்கள். அதையும் நம் ஆட்கள் தினமும் காலையில் கால்மணி நேரம் நின்றுகொண்டு பேசும் சடங்காக மாற்றிவிட்டார்கள். அளக்க வருகிறவருக்கு அதற்கும் ஒரு லிஸ்ட் இருக்கிறது.

ஆக, என் தீர்ப்பு இதுதான். ஹம்ஃப்ரியின் புத்தகத்தைப் படியுங்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் சாரம் கெட்டுப்போகவில்லை. அதற்கு அப்புறம் வந்த தரங்கள் பலவற்றில் அதைச் செழுமைப்படுத்தியிருக்கின்றன. கெட்டது எங்கே என்றால், தன்னை அறிந்துகொள்ள வந்த கருவியை நாம் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடும் பட்டமாக்கியதில். உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒரு கம்பெனியில் சேரப்போகிறார்கள், அல்லது நீங்களே ஒரு கம்பெனிக்கு வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்றால் எத்தனாவது லெவல் என்று கேட்காதீர்கள். "கடைசியா நடந்த பெரிய தப்பு என்ன? அதுக்கப்புறம் எதை மாத்தினீங்க?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அவர்கள் எந்தப் படியில் நின்றாலும் நல்ல இடம். "எங்ககிட்ட தப்பே நடக்காது சார்" என்றால் பளபளக்கும் குண்டூசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பையன் விஷயம்.

பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் 1896-ல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு வரும். ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி சொன்னது பிரசித்தம். அதாவது கொடுத்த கணக்கை நியாயமான கவனத்தோடு பார்ப்பது அவர் வேலை. எல்லோரும் திருடர்கள் என்று நினைத்துத் துப்பறிவது அல்ல. அசெஸ்மெண்டுக்கு வருகிறவரும் அப்படித்தான். நீ பொய் மினிட்ஸ் வைத்தால் அவர் கண்டுபிடிக்காமலே போகலாம். அதனால் மாட்டிக்கொள்வாயா மாட்டாயா என்று யோசிக்காதே. "நடக்கலைன்னா, நடக்கலைன்னு எழுதுடா. ஏன் நடக்கலைங்கறதையும் எழுது. அதுதான் அவங்க கேக்கற மினிட்ஸ்" என்றேன்.

பையன் அப்படியே மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் திட்டவில்லை. "சரி, நீ விடு" என்றார். நாலு மினிட்ஸையும் வேறொரு பையன் உட்கார்ந்து அழகாக எழுதினான். அசெஸ்மெண்ட் முடிந்தது. கேட்ட லெவல் கிடைத்தது. கேக் வெட்டினார்கள்.

2024 பிப்ரவரியில் 29 நாள். இவர்கள் எழுதிக்கொடுத்த கடன் வட்டி புரோகிராம் அதை 28 என்றே நினைத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கணக்குகளில் ஒரு நாள் வட்டி காணோம். வாடிக்கையாளர் ஆபீசில் ஒரு கிளார்க் மார்ச் மாதம் கையால் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தத் துண்டு, ஆகஸ்டில் ரிவ்யூ நடக்காத நாலில் ஒன்று.

கம்பெனியில் விசாரணை நடந்தது. ஆளைப் பிடித்து உதைக்கவில்லை. ஹம்ஃப்ரி சொன்னபடியே ஓட்டை எங்கே என்று தேடினார்கள். ஃபைலை எடுத்துப் பார்த்தார்கள். ரிவ்யூ நடந்ததாக மினிட்ஸ் இருந்தது. மூன்று பேர் கலந்துகொண்டார்கள், குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ஆகவே, ரிவ்யூ செய்கிறவர்களுக்குக் கவனம் போதவில்லை, அவர்களுக்குப் பயிற்சி தேவை என்று முடிவு செய்தார்கள். டெலிவரி அவசரத்தில் ரிவ்யூவுக்கு நேரமே கொடுக்கவில்லை என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் அதை யாரும் மாற்றவில்லை.

போன் செய்தபோது பையன் ஒரு ஹோட்டல் கருத்தரங்க அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "ரெண்டு நாள் ட்ரெய்னிங் மாமா. கோட் ரிவ்யூ பண்றது எப்படின்னு."

"அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கா?"

"இருக்கு. ஆனா இந்த ரெண்டு நாள் போயிடுச்சே, நேரம் இருக்குமான்னு தெரியலை" என்றான்.